அப்டக்‌ஷன்: கடத்தலா, ஊகமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மருத்துவர்கள் நோயைக் கண்டறியும் முறை பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ‘அப்டக்‌ஷன்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஓர் அகராதி ஆள்கடத்தல் என்கிறது, இன்னொன்று கை காலை விலக்குதல் என்கிறது. ‘உய்த்துணர்தல்’ என்று போட்டுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

போடாதீர்கள். அந்தச் சொல்லை, பொதுவிதியிலிருந்து முடிவுக்கு வரும் டிடக்‌ஷனுக்கும் பலர் ஆள்கிறார்கள். இரண்டும் வேறு என்பதுதானே உங்கள் கட்டுரையின் அடிப்படை?

அகராதிகள் மேல் பிழையில்லை. லத்தீனில் ‘டூகெரே’ என்றால் நடத்திச் செல்வது, ‘அப்’ என்றால் அப்பால். ஆளை அப்பால் கொண்டுபோனால் கடத்தல். கையை உடலின் நடுக்கோட்டிலிருந்து அப்பால் கொண்டுபோனால் உடற்கூறியலில் அதே பெயர். தர்க்கத்துக்கு இது வேறு வழியாக வந்தது. அரிஸ்டாட்டிலின் ‘அபகோகே’ என்ற கிரேக்கச் சொல்லை 16ஆம் நூற்றாண்டில் யூலியுஸ் பாகியுஸ் என்ற இத்தாலிய அறிஞர் லத்தீனில் ‘அப்டுக்தியோ’ ஆக்கினார். அதை எடுத்து, கண்ட விளைவுக்குக் காரணத்தை ஊகிப்பது என்ற புதுப்பொருள் ஏற்றியவர் அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் சாண்டர்ஸ் பெர்ஸ் (உச்சரிப்பு பியர்ஸ் அல்ல). அரிஸ்டாட்டில் சொன்னதும் இதையேதான், ஏட்டில் பாடம் கெட்டுவிட்டது என்று வாதாடினார். அதை ஏற்காத அறிஞர்கள் பலர்.

1878இல் அவர் தந்த உதாரணம் இது. அறையில் சில பைகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அவரை விதை. மேசையில் ஒரு கைப்பிடி வெள்ளை விதை. தேடினால் ஒரு பையில் மட்டும் முழுக்க வெள்ளை. மேசையில் இருப்பது இந்தப் பையிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். அப்போது இதற்கு அவர் வைத்திருந்த பெயர் கருதுகோள்தான்; அப்டக்‌ஷன் என்றது பிறகு.

உங்கள் கட்டுரைக்கு வருவோம். மூன்று நாள் காய்ச்சல், பிளேட்லெட் குறைந்திருக்கிறது. டெங்கு என்றால் இதில் வியப்பில்லை. ஆகவே டெங்குவைச் சந்தேகிக்க இடமுண்டு. அப்டக்‌ஷன் இந்த இடத்தில் நின்றுவிடும். டெங்குவானால் ரத்தத்தில் என்எஸ்1 என்ற டெங்கு வைரஸ் புரதம் தென்பட வேண்டுமே என்று எதிர்பார்ப்பது டிடக்‌ஷன். வந்த முடிவை வைத்துச் சந்தேகத்தை எடைபோடுவது இண்டக்‌ஷன். முதல் படியிலேயே ‘எனவே டெங்கு’ என்று முடித்தால் தவறு. மலேரியாவிலும் எலிக்காய்ச்சலிலும்கூட பிளேட்லெட் குறையும்.

நம்மிடம் பழைய சொல் இல்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று சொல்வதை மணிமேகலையின் 27ஆம் காதை ‘எச்சம்’ என்ற அனுமான வகையில் வைக்கிறது. விளைவிலிருந்து காரணத்துக்குப் போகும் அதே பாதைதான். ஆனால் காதை அந்த இடத்தில் ‘நிச்சயித்து’ என்கிறது. பெர்ஸிடம் நிச்சயத்துக்கு இடமில்லை. தவிர, எச்சம் என்றால் இன்றைய வாசகர் பெயரெச்சம், வினையெச்சத்துக்கோ பறவை எச்சத்துக்கோ போய்விடுவார்.

என் தேர்வு ‘காரண ஊகம்’. முதல்முறை வரும்போது பக்கத்தில் அப்டக்‌ஷன் என்று தமிழெழுத்திலேயே போட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்பு முடிந்ததும் ‘எனவே’ வரும் இடங்களை ஒருமுறை தேடிப் பாருங்கள். காரண ஊகத்தைச் சொல்லும் வாக்கியம் ‘எனவே’யில் தொடங்கினால் ‘இருக்கலாம்’ என்றாவது முடிய வேண்டும்.