பூட்டுக்குள் பாருங்கள்: கெர்னல் டிரைவர் கேள்வி பதில்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடி, கருவிகளை இயக்கும் நிரலான டிவைஸ் டிரைவர் எழுதப் பழகும் நம் வட்டாரத்துப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

காரைக்குடி மாணவர்: ஐயா, யுஎஸ்பி சென்சர் ஒன்றுக்கு டிரைவர் எழுதியிருக்கிறேன். கருவி இணைந்திருக்கிறதா என்று ஒரு மாறியைப் பார்த்த பிறகே தரவை வாங்குகிறேன். ஆனாலும் கேபிளைப் பிடுங்கினால் சில சமயம் கெர்னல் விழுந்துவிடுகிறது.

தம்பி, நீங்கள் பார்த்த நொடியில் கருவி இருந்தது உண்மைதான். பார்த்ததற்கும் வாங்கியதற்கும் நடுவே கேபிளைப் பிடுங்கியதும் கெர்னல் அழைக்கும் டிஸ்கனெக்ட் செயற்கூறு இன்னொரு சிபியுவில் ஓடி, நினைவகத்தை விடுவித்துவிட்டது. மாறியை அட்டாமிக் (நடுவில் குறுக்கிட முடியாத ஒரே செயலாகப் படிக்கக்கூடியது) ஆக்கினாலும் தீராது. படிப்பது மட்டும்தான் பிசகாமல் நடக்கும், இடைவெளி அப்படியே இருக்கும். சோதனையும் அதை நம்பிச் செய்யும் வேலையும் ஒரே மியூட்டெக்ஸுக்குள் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டுக்குள்) இருக்க வேண்டும். டிஸ்கனெக்ட்டும் அதே மியூட்டெக்ஸை எடுத்துத்தான் 'கருவி போய்விட்டது' என்று குறிக்க வேண்டும்.

இன்னொன்று. யாரோ கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது டிஸ்கனெக்ட் நினைவகத்தை விடுவித்தால், அதிலிருக்கும் மியூட்டெக்ஸும் சேர்ந்து போய்விடும். கேரெஃப் (எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணும் கெர்னல் வசதி) கொண்டு எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வெளியேறுபவர் விடுவிக்கட்டும்.

பள்ளத்தூர் வாசகர்: மியூட்டெக்ஸா, ஸ்பின்லாக்கா?

இன்டர்ரப்ட் ஹேண்ட்லரும் (கருவி குறுக்கிட்டு அழைக்கும்போது ஓடும் செயற்கூறும்) அதே தரவைத் தொட்டால் ஸ்பின்லாக், அதாவது கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு. ஹேண்ட்லருக்கு வெளியே, இன்டர்ரப்ட்டை நிறுத்தி அந்த ஸ்பின்லாக்கை எடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு தூங்கக் (சிபியுவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கக்) கூடாது. காத்திருக்க நேரும் நினைவகக் கோரிக்கையும் கூடாது. தூங்க நேரும் என்றால் மியூட்டெக்ஸ்.

தேவகோட்டை மாணவி: எங்கள் இரண்டு டிரைவர்கள் ஒன்றையொன்று அழைக்கின்றன, இரண்டிலும் தனித்தனி மியூட்டெக்ஸ். எப்போதாவது இரண்டும் அப்படியே நின்றுவிடுகின்றன.

நம் ஊர்ப் பெரிய வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள், அம்மா. முகப்புச் சாவி ஒரு பங்காளியிடம், பெட்டகசாலைச் சாவி இன்னொருவரிடம். இருவருக்கும் இரண்டும் வேண்டும். கையிலிருப்பதை இருவருமே தர மாட்டார்கள். உங்கள் டிரைவர்கள் நிற்பது இப்படித்தான். எல்லா வழியிலும் ஒரே வரிசையில் பூட்டை எடுப்பது ஒரு தீர்வு. என் விருப்பம் வேறு: அடுத்த டிரைவரை அழைக்கும் முன் உங்கள் பூட்டை விட்டுவிடுங்கள். திரும்பி வந்து எடுத்ததும் நிலையை மறுபடி சோதியுங்கள். விட்டிருந்த நேரத்தில் எதுவும் மாறியிருக்கலாம்.

2006-இல் கெர்னல் 2.6.18 பதிப்பில் சேர்ந்த லாக்டெப் என்ற பூட்டுச் சோதனைக் கருவியைக் கட்டாயம் இயக்குங்கள். பூட்டுகளின் வரிசையை அது குறித்துக்கொண்டே வரும். டெட்லாக் (இப்படி ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடுவது) நிகழாவிட்டாலும், வரிசை ஒருமுறை தலைகீழானால் போதும், எச்சரித்துவிடும். மாதத்துக்கு ஒருமுறை வரும் பிழையை உங்கள் மேசையிலேயே காட்டிக்கொடுக்கும் இந்தக் கருவியை நான் மிகவும் மதிக்கிறேன்.

கானாடுகாத்தான் வாசகர்: முன்பு கெர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டு இருந்ததாமே, அது எளிதல்லவா?

இருந்தது. 1996-இல் 2.0 பதிப்போடு வந்த அந்தப் பெரும்பூட்டு, 2011-இல் 2.6.39 பதிப்பில் முழுதாக நீங்கியது. சிபியுக்கள் பெருகியபோது ஒன்றுக்காக மற்றவை காத்துக் கிடந்தன. பூட்டைப் பிடித்திருந்தவர் தூங்கினால் அது தானாகவே விடுபடும். விழித்ததும் தானாகவே மீண்டும் கைக்கு வரும். நடுவில் நிலை மாறியிருக்கலாம் என்பதை அப்போதும் டிரைவர் எழுதியவர்தான் சோதிக்க வேண்டியிருந்தது.