பந்து ஒன்றுதான்: எல்லாக் காலத்து டிராஃப்ட், கேள்வி பதில்

டிராஃப்ட் என்றால் முறை வைத்து வீரர்களை எடுத்துக் கற்பனை அணி கட்டுவது. பன்னிரண்டு பேர், ஆளுக்கு எட்டு வீரர்கள், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் வரலாறு முழுக்கத் திறந்த கடை. வீரரோடு அவருடைய ஒரு சீசனையும் குறிப்பிட்டு எடுக்க வேண்டும். மோதுவது இன்றைய விதிகளில், இன்றைய மூன்று புள்ளிக் கோட்டோடு (அதற்கு வெளியிலிருந்து எறிவதுதான் த்ரீ). சுற்றுக்குச் சுற்று வரிசை தலைகீழாகத் திரும்பும். கேட்பவர்களை முதல் சுற்று வரிசையில் அவரவர் இடத்தால் குறித்திருக்கிறேன். ஓட்டெடுப்புக்கு முன் தேர்வுகளை அலசச் சொல்லி என்னை உட்காரவைத்துவிட்டீர்கள். நான் டிராஃப்டில் இல்லை, அதனால் எல்லாரையும் சமமாகத் திட்டலாம்.

3-ஆம் இடம்: முதல் சுற்றில் வில்ட் சேம்பர்லின், 1961-62. ஆட்டத்துக்கு 50.4 புள்ளி. இதைவிட நல்ல தேர்வு உண்டா சார்?

ஆள் சரி, சீசன் தப்பு. அந்த வருடம் லீகில் ஓர் அணியின் சராசரி 118.8 புள்ளி. ஷாட்டில் விழுந்தது 42.6 சதவீதம்தான். ஓடினார்கள், எறிந்தார்கள், தவறவிட்டார்கள், மறுபடி ஓடினார்கள். அதனால் ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 71 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது). இன்று 44 பக்கம். எண்ணைப் பார்க்குமுன் வேகத்தைப் பாருங்கள். இதை இன்று இன்னும் நாலு தடவை சொல்லப்போகிறேன் என்று தெரியும்.

வில்ட் அந்த சீசனில் ஆட்டத்துக்கு 39.5 ஷாட் எறிந்தார். ஆடியது 48.5 நிமிடம். ஆட்டமே 48 நிமிடம்தான், மிச்சம் ஓவர்டைம். இன்று ஓர் அணி மொத்தமாக எறிவதே 90க்குச் சற்றுக் குறைவு. அதில் 39 அவருக்குப் போனால், நீங்கள் 22-ஆவது தேர்வாக எடுத்த டர்க் நோவிட்ஸ்கிக்கும் 27-ஆவதாக எடுத்த ஸ்டீவ் நாஷுக்கும் என்ன வேலை? பந்து ஒன்றுதான் ஐயா.

1966-67 வில்ட்டை எடுத்திருக்க வேண்டும். 14.2 ஷாட், அதில் 68.3 சதவீதம் உள்ளே. 24.1 புள்ளி, 24.2 ரீபவுண்ட், 7.8 அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்). 50.4 வருடத்தில் அவர் அணி 49 வென்று 31 தோற்றது. இந்த வருடம் 68 வென்று 13 தோற்றுக் கோப்பையும் எடுத்தது. அதே உடம்பு, பாதிக்கும் குறைவான ஷாட். உங்கள் அணிக்கு வேண்டியது இந்த ஆள்தான்.

5-ஆம் இடம்: லாரி பேர்ட், 1984-85. த்ரீ 42.7 சதவீதம். கரிக்கு இணை என்று சொல்லலாமா?

பேர்ட் அருமையான தேர்வு. நீங்கள் சொல்லும் காரணம்தான் ஓட்டை. அந்த சீசன் முழுக்க அவர் எறிந்த த்ரீ 131, விழுந்தது 56. 2015-16இல் ஸ்டீபன் கரி எறிந்தது 886, விழுந்தது 402. எத்தனை விழுந்தது என்று சதவீதம் சொல்லும். தடுப்பாளர் எவ்வளவு தூரம் வெளியே வந்து நிற்க வேண்டியிருந்தது என்று சொல்லாது. 28.7 புள்ளி, 10.5 ரீபவுண்ட், 6.6 அசிஸ்ட்: பேர்டை இதற்காக எடுங்கள்.

10-ஆம் இடம்: ஐந்தாம் சுற்றில் டென்னிஸ் ஸ்காட், 1995-96. 267 த்ரீ, அப்போதைய சாதனை. யாரும் கவனிக்கவில்லை!

கவனித்துத்தான் விட்டிருப்பார்கள். 1994-95 முதல் 1996-97 வரை மூன்று சீசன் கோடு உள்ளே இழுக்கப்பட்டு எல்லாப் பக்கமும் 22 அடியில் இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் வளைவில் 23 அடி 9 அங்குலம். அந்த மூன்று வருட எண்களைக் கழுவிவிட்டுப் படியுங்கள்.

1-ஆம் இடம்: ஜோர்டான் 1995-96 போட்டிருக்கிறேன். 72 வெற்றி, த்ரீ 42.7 சதவீதம்.

மேலே இப்போதுதானே சொன்னேன்? கோடு பழைய இடத்துக்குப் போன 1997-98இல் அதே ஜோர்டான் 23.8 சதவீதம். 1987-88ஐ எடுங்கள்: 35 புள்ளி, 3.2 ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது), 1.6 பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தட்டித் தடுப்பது), எம்விபி எனும் சிறந்த வீரர் விருதும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் ஒரே வருடத்தில். அந்த வருடம் 53 த்ரீ எறிந்து 7தான் போட்டார். இருக்கட்டும், ஜோர்டானை த்ரீக்காக யார் எடுக்கிறார்கள்?

11-ஆம் இடம்: வெஸ்ட்புரூக், ஹார்டன், லூகா மூவரும் கிடைத்துவிட்டார்கள்!

மூவருமே பந்தைத் தங்கள் கையிலேயே வைத்து ஆடுபவர்கள். ஒரே உறையில் மூன்று கத்தி. ஒருவரை மாற்றிக்கொள்ள ஆள் தேடுங்கள்.

2-ஆம் இடம்: நான்காம் சுற்றில், 47-ஆவதாக, பில் வால்டன் 1976-77. காயக்காரர் என்று சிரிக்கிறார்கள்.

சிரிப்பவர்கள் உங்கள் விதியை வாசிக்கவில்லை. எடுப்பது ஒரு சீசனை. அதற்கு முன்னும் பின்னும் கால் எப்படி இருந்தது என்பது கணக்கில் இல்லை. 65 ஆட்டம்தான் ஆடினார். ஆனால் 14.4 ரீபவுண்ட், 3.2 பிளாக், இரண்டிலும் லீகில் முதல். 18.6 புள்ளி, கையில் கோப்பை. ரீபவுண்டைப் பிடித்துக் கால் தரையில் படுமுன்பே பந்தை வெளியே அனுப்பிவிடும் சென்டர் (கூடையடியில் ஆடும் நெட்டை ஆள்). பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது.

7-ஆம் இடம்: மூன்றாம் சுற்றில் மார்க் ஈட்டன், 1984-85. 5.6 பிளாக், இன்றுவரை அதுதான் உச்சம். 12-ஆம் இடத்துக்காரர் எடுத்த பில் ரஸ்ஸலுக்குப் பதிவில் ஒரு பிளாக்கூட இல்லை. என் சென்டர்தானே மேல்?

12-ஆம் இடம்: அவர் ஆடிய காலத்தில் எண்ணவே இல்லை! 13 சீசனில் 11 கோப்பை என்ன காற்றிலா வந்தது?

7-ஆம் இடம்: ஊகத்துக்கு ஓட்டுப் போடச் சொல்கிறீர்களா? இருப்பதைப் பார்ப்போம்.

இருவரும் கொஞ்சம் உட்காருங்கள். ஸ்டீலும் பிளாக்கும் அதிகாரபூர்வக் கணக்கில் ஏறியது 1973-74இல். ரஸ்ஸல் 1969இலேயே ஓய்வு. வில்ட் கடைசியாக ஆடியது 1973இல், எண்ணத் தொடங்குவதற்குச் சரியாக ஒரு சீசன் முன்பு. எழுதி வைக்காததால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. ஜெர்ரி வெஸ்டைப் பாருங்கள். அவருடைய கடைசி சீசன்தான் எண்ணத் தொடங்கிய முதல் சீசன். வயது 35, உடம்பு ஒத்துழைக்காமல் 31 ஆட்டம்தான். அதிலும் ஆட்டத்துக்கு 2.6 ஸ்டீல். இருபத்தெட்டு வயதில் எத்தனை எடுத்திருப்பார் என்று நீங்களே யோசியுங்கள். இது ஊகம்தான், ஆனால் காலூன்றி நிற்கும் ஊகம்.

7-ஆம் இடம்: அப்போ ரஸ்ஸலுக்கு ஆட்டத்துக்கு எத்தனை பிளாக் என்று எழுதுவீர்கள்?

எழுத மாட்டேன். எண் தெரியாத இடத்தில் எண் போடுவதும் தப்பு, பூஜ்யம் போடுவதும் தப்பு. 12-ஆம் இடத்துக்காரரே, நீங்களும் ரொம்பத் துள்ள வேண்டாம். ரஸ்ஸலின் ஷாட் வாழ்நாள் கணக்கில் 44 சதவீதம், ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடுப்பாரற்ற ஷாட்) 56. அடுத்த தேர்வாக மேஜிக் ஜான்சனை வைத்தீர்களே, அதனால் தப்பித்தீர்கள். ரஸ்ஸல் பிடித்துக் கொடுத்தால் மேஜிக் ஓடிவிடுவார்.

இப்போது ஈட்டன். என் குறை அவர்மேல் இல்லை, நீங்கள் எடுத்த 31-ஆம் எண்மேல். அப்போது பலகையில் யார் மிச்சம் என்று பார்த்தீர்களா? அடுத்தவர் 32-இல் ஸ்காட்டி பிப்பனைத் தூக்கினார். 1993-94: 22 புள்ளி, 8.7 ரீபவுண்ட், 5.6 அசிஸ்ட், 2.9 ஸ்டீல். பிளாக்குக்கு அவசரமே இல்லை. 4-ஆம் இடத்துக்காரர் எட்டாம் சுற்றில், 93-ஆவதாக, மனுட் போலை எடுத்திருக்கிறார்: 1985-86, வெறும் 26 நிமிடத்தில் 5 பிளாக். கிட்டத்தட்ட அதே சரக்கை 62 தேர்வு கழித்து வாங்கியிருக்கலாம்.

7-ஆம் இடம்: போல் ஒல்லி சார். மலை போன்ற ஷாக்கீலிடம் என்ன செய்வார்?

ஈட்டன் மட்டும் என்ன செய்வார்? அடுத்தவர்.

9-ஆம் இடம்: பீட் மாராவிச், 1976-77, 31.1 புள்ளி. அப்போது த்ரீ கோடு இல்லை. இருந்திருந்தால் 40?

கோடு வந்தது 1979-80இல், அவருடைய கடைசி சீசனில். 15 எறிந்தார், 10 விழுந்தது. அந்தப் பதினைந்தை வைத்துக் கோயில் கட்டாதீர்கள். 31 போதும்.

6-ஆம் இடம்: கோபியா லெப்ரானா, யார் பெரியவர்?

அடுத்த கேள்வி.

8-ஆம் இடம்: கடைசிச் சுற்றில் புரூஸ் போவன், 2002-03. கேலி செய்யலாம், தயார்.

இந்த டிராஃப்டிலேயே எனக்குப் பிடித்த தேர்வு. அந்த வருடம் த்ரீ 44.1 சதவீதம், லீகில் முதல். ஃப்ரீ த்ரோ 40.4! யாரும் தடுக்காத 15 அடியைவிடத் தூரத்திலிருந்து நன்றாகப் போட்ட மனிதர். மூலையில், கோட்டுக்கு ஒரு விரல்கடை வெளியே கால் வைத்துக் காத்திருப்பார். பந்து வந்தால் எறிவார், வராவிட்டால் கோபப்பட மாட்டார். மறுபக்கம் எதிரணியின் சிறந்த ஆளின் சட்டைக்குள் குடியிருப்பார். எட்டாவது ஆள் என்றால் இவர்தான்.

10-ஆம் இடம்: வாராந்திர ஃபேண்டஸி லீகுக்கு இந்த வாரம் யாரை எடுக்கலாம்?

அது காயப் பட்டியலைப் பார்த்து ஆடும் ஆட்டம். என் துறை இல்லை.

6-ஆம் இடம்: 50.4 எடுத்த வில்ட் எப்படி மூன்றாவதாகப் போனார்? முதலாவதாகப் போயிருக்க வேண்டாமா?

முதல் பதில். வேகம். தயவுசெய்து.

3-ஆம் இடம்: சீசனை 1966-67க்கு மாற்றிவிட்டேன் சார். இப்போதுதான் பார்க்கிறேன், ஃப்ரீ த்ரோ 44.1 சதவீதம். கட்டிப்பிடித்து ஃபவுல் செய்து, ஃப்ரீ த்ரோ எறியவைத்தே தோற்கடிப்பார்களே?

பிடிப்பார்கள். ஆனால் இன்றைய விதியில், ஒவ்வொரு கால்பகுதியின் கடைசி 2 நிமிடத்தில் பந்துக்குச் சம்பந்தமில்லாத ஆளை வேண்டுமென்றே பிடித்தால் ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும் உங்களுக்கே. அந்த நேரத்தில் வில்ட் கைக்குப் பந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரீ த்ரோவில் கைதேர்ந்த நாஷிடம் இருக்கட்டும், பிடிக்கிறவன் அவரைப் பிடிக்கட்டும்.