'வேற லெவல்' ஒரு காரணமா?

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள். ஞாயிறு மாலை ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடி, அந்த வாரம் யார் எந்த ஆல்பம் கேட்டோம், ஏன் கேட்டோம் என்று பேசுவது வழக்கம். ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. இப்போதெல்லாம் 'ஏன்' என்று கேட்டால் 'வேற லெவல்', 'லெஜண்ட்', 'கேட்டாத்தான் தெரியும்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு ஒரு நண்பர், 'ஒவ்வொரு பாட்டாகக் கேட்கிற காலத்தில் முழு ஆல்பத்தையும் உட்கார்ந்து கேட்பதே பந்தா' என்கிறார். நீங்கள் என்ன கேட்கிறீர்கள், ஏன்? அப்படியே, எல்பி (இசைத்தட்டு) பிளேயர் வாங்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் ஆறு பேரில் நான்கு பேராவது ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வருவதில்லை, அதன் பெயரை மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். 'லெஜண்ட்' என்று சொல்ல அரை நிமிடம்கூடப் பாட்டு கேட்க வேண்டாம். அட்டைப்படத்தைப் பார்த்தாலே போதும்.

அமெரிக்க டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'வை எடுத்துக்கொள்வோம். ஜாஸ் என்று பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார். உங்கள் மாடிக்கும் வந்திருக்கும். 'உலகத்திலேயே அதிகம் விற்ற ஜாஸ் ஆல்பம் தெரியுமா' என்பார். விற்கட்டும், அதற்காக நீங்கள் ஏன் கேட்க வேண்டும்? அவர் இப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்: முதல் பாட்டு 'ஸோ வாட்'. பியானோவும் பாஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியமும் இருட்டில் ஸ்விட்சைத் தேடுவதுபோலத் தடவித் தடவி ஆரம்பிக்கும். அப்புறம் பாஸ் ஒரு கேள்வி கேட்கும், மற்றவர்கள் இரண்டே கார்டில் (chord, சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) பதில் சொல்வார்கள். ஒன்றரை நிமிடம் இப்படியே போகும். மைல்ஸ் தன் சோலோவைத் தொடங்குகிற இடத்தில் டிரம்மர் ஜிம்மி காப் சிம்பல் என்கிற உலோகத் தட்டில் ஓர் அடி அடிப்பார். அதன் அதிர்வு அடங்குவதற்குள் டிரம்பெட் நிதானமாக உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

அந்த ஓர் அடிக்காகத்தான் இந்த வாரம் இதைத் திரும்பத் திரும்பப் போட்டேன் என்று ஒருவர் சொன்னால், அது காரணம். மற்ற ஐந்து பேரும் போனை எடுத்து அந்த இடத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு 'ஆமாம்யா' என்று சொல்லலாம், 'இதுல என்னய்யா இருக்கு' என்றும் சொல்லலாம். ஒரு நல்ல சண்டைக்கு வழி உண்டு. 'லெஜண்ட்' என்று சொல்பவரோடு எதை வைத்துச் சண்டை போடுவது?

இதே ஆல்பத்தில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனியின் 30ஆவது தெரு ஸ்டூடியோவில், 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில் முழுவதையும் பதிவு செய்தார்கள். மார்ச் மாதப் பதிவில் மாஸ்டர் டேப் ஓடிய இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது. மெதுவாக ஓடியபோது பதிவானதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? பாட்டு வேகமாகும், சுருதி ஏறும். அன்று பதிவான மூன்றும் ரெக்கார்டின் முதல் பக்கத்தில் வந்தன. கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதி ஏறிய சுருதியோடு அவை முப்பது வருஷத்துக்கும் மேல் விற்றன. பாதுகாப்புக்காக அன்றைக்கே இன்னொரு இயந்திரத்தில் ஓடிய டேப்பை வைத்து 1990களில்தான் சரி செய்தார்கள். வாத்தியத்தை எடுத்துக் கூடவே வாசித்துப் பார்த்தவர்களுக்கு இரண்டாம் பக்கம் சேர்ந்திருக்கும், முதல் பக்கம் சேர்ந்திருக்காது. உங்கள் நண்பரிடம் பழைய அச்சு ரெக்கார்டு இருந்தால், புதிய பதிப்பை அதன் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஒரு ஞாயிறு முழுக்கப் பேசலாம்.

அடுத்து 'பந்தா' நண்பர். அவருக்கு என்ன வயதோ, கேசட் காலத்தைப் பார்க்காதவராக இருக்க வேண்டும். நம் ஊரில் ஒரே கேசட்டில் ஒரு பக்கம் ஒரு படம், மறு பக்கம் வேறொரு படம் என்று போட்டு விற்பார்கள். இரண்டு படத்துக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. ஆனாலும் அந்தக் கேசட்டோடு வளர்ந்தவர்களுக்கு அவை ஒரே குடும்பம். இன்றைக்கு டீக்கடை ரேடியோவில் அந்தப் பாட்டு முடிந்த நொடியில், அடுத்த பாட்டின் தொடக்க இசை அவர்கள் மனசில் தானாக ஓடும். ரேடியோவில் வேறு எதையாவது போட்டால் எரிச்சல் வரும். ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்களும் அப்படித்தான். 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாம் கேட்டதெல்லாம் போக மிச்சமிருக்கும் இடத்தில் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டைச் செருகுவார். சரணத்தின் நடுவில் டேப் தீர்ந்துபோய் 'டக்'கென்று நிற்கும். அந்தப் பாட்டை முழுசாகக் கேட்கும்போது இன்றும் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். வரிசையில் கேட்பது பந்தா என்றால், தமிழ்நாட்டில் பாதிப் பேர் பந்தாப் பேர்வழிகள்தான்.

வரிசை மாறாமல், ஸ்கிப் பண்ணாமல் தமிழர்கள் கேட்டவை எவை என்று என்னைக் கேட்டால், 1963இல் எல்பியாக வந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதத்தையும் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசத்தையும்தான் சொல்வேன். கவசத்தில் ராகம் மாறுகிற இடங்கள் சங்கீதம் படிக்காத பாட்டிகளுக்கும் அத்துப்படி. அங்கே அவர்கள் குரலும் தானாக மாறும். ஆனால் 'இந்த வாரம் என்ன ஆல்பம்' என்றால் உங்கள் மாடியில் ஒருவர்கூட இவற்றைச் சொல்லியிருக்க மாட்டார். சொன்னால் கெத்து குறைந்துவிடும். வீட்டில் காலையில் ஓடுவதையெல்லாம் கேட்ட கணக்கில் சேர்க்காமல், வெளிநாட்டுப் பெயருள்ளதை மட்டும் சேர்ப்பதைத்தான் நான் பந்தா என்பேன்.

ஆல்பம் காலாவதி என்கிறவருக்கு ஒரு சின்னத் தகவல். பிரிட்டிஷ் பாடகி அடெல் தன் '30' ஆல்பத்தை வெளியிட்டபோது, பாட்டு வரிசைக்கு நாங்கள் ஒரு காரணத்தோடுதான் மெனக்கெடுகிறோம் என்றார். அவர் கேட்டுக்கொண்டபடி 2021 நவம்பரில் ஸ்பாட்டிஃபை, ஆல்பம் பக்கத்தின் முக்கிய பொத்தானைக் கலைத்துப் போட்டு ஓட்டுவதிலிருந்து வரிசையாக ஓட்டுவதற்கு மாற்றியது. காலாவதியான ஒன்றுக்காக யாரும் பொத்தானை மாற்ற மாட்டார்கள்.

நான் என்ன கேட்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மாதம் இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்'. 1986இல் வந்தது, தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் (Bach) அவர்களுக்கும் காணிக்கையாக்கியது, வயலின் வி.எஸ். நரசிம்மன். பலரும் அதில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்பதில் பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் (பல பகுதிகளைக் கோத்த இசைத் தொகுப்பு) தொடக்கப் பகுதி அப்படியே ஓடும், அதைச் சுற்றி இளையராஜா தன் இசையை எழுதியிருப்பார். அடுத்து வருவதன் பெயர் 'அண்ட் வீ ஹேட் எ டாக்'. அதற்கும் அடுத்தது 'டோன்ட் கம்பேர்'. என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன், இருவரும் பேசிக்கொண்டிருந்தோம், ஒப்பிடாதே! மனிதரின் குறும்பு முழுக்க அந்த வரிசையில் இருக்கிறது. ஷஃபிளில் கேட்டால் இந்தக் குறும்பு கிடைக்காது. 'இளையராஜா பெரியவரா, பாக் பெரியவரா' என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் மூன்றாவது தலைப்பை ஒருமுறை வாசிக்கலாம்.

ஒன்று இன்னொன்றுக்கு இழுத்துப் போகும். அதற்குப் பிறகு 1988இல் வந்த 'நத்திங் பட் விண்ட்' ஆல்பத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். அந்தக் குழலைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் 1967இல் வந்த 'கால் ஆஃப் த வேலி'யில் நிற்கும். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் ஓர் ஆட்டிடையனின் ஒரு நாள், விடிகாலையிலிருந்து இரவு வரை. ஆஹிர் பைரவ் ராகத்தில் பொழுது விடியும். நம் காதுக்கு அது சக்ரவாகத்தின் சாயலாக இருக்கும். பொழுது சாய்ந்து பூப் வரும்போது 'அட, மோகனம்!' என்று நிமிர்ந்து உட்காருவீர்கள். கடைசியில் பஹாடி. இதில் வரிசையை மாற்றினால் அந்தியில் சூரியன் உதிக்கும்.

நான் இதை இப்போது கேட்பதற்குக் காரணம் வேறு. இந்த ஆல்பத்தில் சிவகுமார் சர்மா வாசிக்கும் சந்தூர், சின்னக் குச்சிகளால் கம்பிகளைத் தட்டினால் துள்ளி எழுந்து சீக்கிரம் அடங்கிவிடுகிற ஒலி. ஸ்வரத்தை இழுத்து நெளிப்பது அதற்குக் கஷ்டம். பிரிஜ் பூஷண் காப்ராவின் கிட்டாரோ மடியில் படுக்க வைத்து, கம்பியின் மேல் உருக்குத் துண்டை நகர்த்தி வாசிப்பது. இழுவைதான் அதன் தொழில். குழல் இரண்டுக்கும் நடுவில், மூச்சு உள்ள வரைக்கும் நீளும். ஒருவரால் முடியாததை மற்றவர் எடுத்து முடிக்கிற இடங்களைத் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஹெட்போனில் இன்னும் நன்றாகப் பிடிபடுகிறது.

உங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள். ஆல்பத்தின் பெயரோடு, அதில் எத்தனையாவது பாட்டில் எந்த இடம் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவர் அன்றைக்குப் பஜ்ஜி செலவை ஏற்க வேண்டும். இரண்டு ஞாயிறுக்குள் 'வேற லெவல்' வழக்கொழிந்துவிடும். அல்லது பஜ்ஜியாவது கிடைக்கும்.

எல்பி பிளேயர்: வாங்கலாம். பெட்டி போல மூடித் தூக்கிக்கொண்டு போகிற மலிவான மாடல்கள் வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஊசி ரெக்கார்டின் மேல் தேவைக்கு மேல் அழுந்தும், தேய்வது உங்கள் ரெக்கார்டு. ஊசியை அவ்வப்போது மாற்றும் செலவையும் கணக்கில் வையுங்கள். பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம்தான் ஓடும், எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். அதற்குச் சோம்பல் என்றால் போனிலேயே வரிசையாகக் கேளுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. சுவரில் மாட்டுவதற்குத்தான் என்றால் உங்கள் ஊர் நகைக்கடைகளில் காலண்டர் இலவசமாகவே தருகிறார்கள்.