ஒரே ரிங்கில் கட்டாகும் வெளிநாட்டு கால்: திருப்பி அழைக்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் சிறிய ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வெளிநாட்டு எண்களிலிருந்து ஒரே ஒரு ரிங் வந்து கட்டாகிறது. ரூம் கேட்பவர்களாக இருக்குமோ என்று திருப்பி அழைத்ததில் போஸ்ட்பெய்டு பில் எகிறிவிட்டது. மகள் துபாயில் இருப்பதால் ஐஎஸ்டியை எடுத்துவிடவும் தயக்கம். என்ன செய்யலாம்?

பதில்: அந்த மிஸ்டு காலால் உங்களுக்கு ஒரு பைசாகூடச் செலவில்லை. இந்தியாவில் இருக்கும்வரை, வரும் காலை எடுத்துப் பேசினாலும் கட்டணம் கிடையாது. நீங்கள் திருப்பி அழைக்கும்போதுதான் மீட்டர் ஓட ஆரம்பிக்கிறது. ஐஎஸ்டி கட்டணத்தில் ஒரு பகுதி, அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போகும். கட்டணம் அதிகமான எண்களை அங்கே பிடித்துவைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் பங்கு வாங்குவதுதான் மோசடிக்காரர்களின் தொழில். ஆயிரக்கணக்கான எண்களுக்குக் கணினியே ஒரு ரிங் விட்டுவிட்டு கட் செய்யும். திருப்பி அழைத்தால் பாட்டு ஓடும், "காத்திருங்கள்" என்று குரல் வரும். சில சமயம் ரிங் போவது போன்ற பதிவே ஒலிக்கும். இன்னும் எடுக்கவில்லை என்று நீங்கள் காத்திருப்பீர்கள், நிமிடக் கணக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

மலையில் இருப்பவர்களுக்குக் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. பாதியில் கால் கட்டானால் "சிக்னல் போயிருக்கும்" என்று உடனே திருப்பி அழைத்தே பழகியிருப்போம். வெளிநாட்டு எண்ணுக்கு மட்டும் அந்தப் பழக்கம் வேண்டாம். உண்மையிலேயே ரூம் வேண்டுமென்றால் மறுபடி அழைப்பார்கள், இல்லை மெசேஜ் போடுவார்கள்.

கூட்டல் குறிக்குப் பின் 91 இருந்தால் இந்தியா. 971 (அமீரகம்), 65 (சிங்கப்பூர்), 60 (மலேசியா), 94 (இலங்கை) எல்லாம் நம் வீடுகளுக்குப் பழகியவை. 232 சியரா லியோன், 252 சோமாலியா, 371 லாட்வியா. அங்கிருந்து உங்களுக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்? 1 என்று தொடங்கினாலே அமெரிக்கா என்றும் நம்பிவிடாதீர்கள். அடுத்து 876 வந்தால் ஜமைக்கா, 473 வந்தால் கிரெனடா.

ஐஎஸ்டியைத் தயங்காமல் எடுக்கச் சொல்லுங்கள். அவுட்கோயிங்தான் நிற்கும், மகள் அங்கிருந்து அழைத்தால் வழக்கம்போல வரும். துபாயில் வாட்ஸ்அப் காலுக்குத் தடை இருக்கிறது, ஆனால் அங்கே அனுமதித்த போட்டிம் போன்ற ஆப்பை நீங்களும் போட்டுக்கொள்ளலாம். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த வழி, ஹோம்ஸ்டே எண்ணைப் ப்ரீபெய்டாக மாற்றிவிடுவது. அன்லிமிடெட் பேக்கில் பொதுவாக ஐஎஸ்டி சேராது. தனியாக டாக்டைம் இல்லையென்றால் கால் போகவே போகாது.

"காலை எடுத்தாலே சிம்மை நகல் எடுத்துவிடுவார்கள்" என்று சுற்றும் ஃபார்வர்டுகளை விட்டுத்தள்ளுங்கள். கவலைப்பட வேண்டியது வேறு: கூரியர் ஆள் போலப் பேசி *21* அல்லது *401* போட்டு ஒரு எண்ணை டயல் செய்யச் சொல்வது. செய்தால் உங்கள் அழைப்புகள் அவனுக்குத் திரும்பும். காலில் வரும் ஓடிபியும் அவன் கைக்குப் போகும். இப்படி டயல் செய்து அழைப்பைத் திருப்பிவிடும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது, ஆனாலும் யார் சொன்னாலும் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் ##002# டயல் செய்தால் ரத்தாகும்.

வந்த பில்லுக்கு உங்கள் மொபைல் நிறுவனத்தின் புகார் எண்ணான 198-ல் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை விசாரிக்காது. நீங்களே டயல் செய்த கால் என்பதால் முழுத்தொகையும் திரும்பும் என்று நம்பிக்கை தர மாட்டேன். உங்களுக்கு மிஸ்டு கால் விட்ட எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் பதியுங்கள். வங்கிக் கணக்கிலிருந்தே பணம் போயிருந்தால் மட்டும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

பில்லைக் கையில் எடுத்த கையோடு ஜோதிடம், காலர் ட்யூன், கேம் என்று நீங்கள் கேட்காத சந்தா ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள். இருந்தால் 155223-க்கு அழைத்து நிறுத்தலாம்.