சொந்தமாகக் கட்டும் விமானத்தின் ரோட்டரி எஞ்சினுக்கு இன்டேக் (காற்று உள்ளே போகும் பாதை) செய்கிறீர்களா? சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 13பி எஞ்சினுக்கு (மாஸ்டாவின் இரண்டு ரோட்டர் கார் எஞ்சின்; பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுற்றும்) ரன்னர் குழாய், அதாவது ரோட்டருக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய், எத்தனை மி.மீ. போட வேண்டும்?

எந்த ஆர்.பி.எம்.மில் ஓட்டப் போகிறீர்கள், காற்று நுழையும் துளை (போர்ட்) நாலா ஆறா, புரொப்பெல்லருக்காகச் சுற்றைக் குறைக்கும் ரிடக்‌ஷன் கியர் என்ன? ஒன்றையும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் ஊகமாகத்தான் சொல்ல முடியும். ஊகத்தை நம்பிப் பறக்கக் கூடாது. கணக்கை நீங்களே போடலாம். ஒரு ரோட்டருக்கு 654 சி.சி.; ஷாஃப்ட் ஒரு முறை சுற்றும்போது ஒவ்வொரு ரோட்டரும் ஒரு தடவை காற்றை இழுக்கும். 6000 சுற்றில் ரோட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் 4 கன மீட்டர். அது முழுவதும் ஒரே 50 மி.மீ. குழாய் வழியாகப் போனால் சராசரி வேகம் விநாடிக்கு 33 மீட்டர், 38 மி.மீ. என்றால் 60-ஐ நெருங்கும். மற்ற விவரங்களைச் சேர்த்து மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ரேஸ் கார்களில் இருப்பதுபோல நீளம் மாறும் ரன்னர் செய்யலாமா?

1991-ல் லெ மான்ஸ் கார் பந்தயத்தில் வென்ற மாஸ்டா 787பி-யில் அப்படித்தான் இருந்தது. ரேஸ் காருக்கு ஒவ்வொரு வளைவிலும் ஆர்.பி.எம். ஏறி இறங்கும், அதனால் அது தேவை. உங்கள் எஞ்சின் 2.85 கியரில் 6000 சுற்றும்போது புரொப்பெல்லர் 2100-ல் சுற்றும். பயணம் முழுக்க ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கப் போகிறது. அந்த ஒரு ஆர்.பி.எம்.முக்கு நீளம் பார்த்து வெல்ட் செய்துவிடுங்கள். சறுக்கும் குழாய் வைத்தால் அதற்கு சீல், கம்பி, ஸ்குரூ எல்லாம் வரும். ஃபில்டருக்கும் ரோட்டருக்கும் நடுவே கழன்று விழக்கூடியது எதுவுமே இருக்கக் கூடாது என்று முன்பும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். பிஸ்டன் எஞ்சினிலாவது குறுக்கே வால்வு இருக்கிறது. இங்கே ஒரு சின்ன நட்டு உள்ளே போனாலும் ரோட்டரின் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் உடைந்துவிடும்.

கேள்வி: வெல்டிங்குக்குப் பிறகு ஃபிளாஞ்ச் (குழாயை எஞ்சினோடு போல்ட் போடும் தகடு) வாழைப்பழம்போல வளைந்துவிட்டது. தடிமனான கேஸ்கெட் போட்டால் சரியாகுமா?

ஆகாது. சிலிக்கான் பேஸ்ட்டைப் பூசியும் சமாளிக்காதீர்கள். உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் ஒருநாள் பிய்ந்து ரோட்டருக்குள் போகும். 12 மி.மீ. அலுமினியத் தகடு எடுத்து, அதைவிடக் கனமான இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகு வெல்ட் செய்யுங்கள். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று இடம் மாற்றி வையுங்கள். முழுக்க ஆறும்வரை போல்ட்டைத் தொடாதீர்கள். கடைசியில் மில்லிங்கில் முகத்தைச் சீவி, 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எங்கும் நுழையாத அளவுக்குக் கொண்டுவாருங்கள். வெல்டில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பி 4043 வகை போடுங்கள். 5356 வகை தொடர்ந்து 65 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்துக்கு ஆகாது.

கேள்வி: குழாயின் உள்பக்கத்தை சேண்ட் பிளாஸ்ட் செய்து சுத்தம் பண்ணலாமா?

கூடவே கூடாது. வெல்டின் ஓட்டைகளில் தங்கும் மணல், எஞ்சின் ஓடும்போது ஒவ்வொன்றாக உதிரும்.

கேள்வி: ஃபில்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தட்டு உள்ள பகுதி) நடுவே உள்ள எல்போவை (வளைந்த குழாயை) மட்டும் 3டி பிரின்ட் செய்தேன். கார்பன் ஃபைபர் கலந்த ஏபிஎஸ் பிளாஸ்டிக்; 105 டிகிரி தாங்கும் என்றார்கள். தரையில் ஒரு மணி நேரம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. பறக்கலாம்தானே?

பறக்காதீர்கள். இந்தக் கேள்வி வேறு வேறு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு முறையும் எனக்குப் பதறுகிறது.

2025 மார்ச்சில் இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் விமான நிலையத்தில் சொந்தமாகக் கட்டிய ஒரு கோஸி மார்க் 4 விமானம் இறங்க வந்தபோது எஞ்சின் சக்தி போனது. ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையிறங்கி, அங்கிருந்த, விமானங்கள் இறங்க வழிகாட்டும் கருவியில் மோதியது. இன்டேக்கில் இருந்த 3டி பிரின்ட் எல்போ இளகி, உள்பக்கமாக ஒடுங்கியிருந்தது. அதுவும் கார்பன் ஃபைபர் கலந்த ஏபிஎஸ், 105 டிகிரி தாங்கும் என்று சொல்லி விற்றதுதான். விசாரணையில் சோதித்தபோது அது இளகத் தொடங்கியது 53, 54 டிகிரியில்!

கார்பன் ஃபைபர் கலந்தால் பிளாஸ்டிக் விறைப்பாகும், ஆனால் இளகும் வெப்பநிலை உயராது. பெட்டியில் போட்டிருக்கும் எண் உங்கள் கையில் இருக்கும் துண்டுக்குப் பொருந்தும் என்று யார் உறுதி சொன்னது?

அப்புறம் அந்த ஒரு மணி நேரத் தரைச் சோதனை. எஞ்சின் ஓடும்போது குளிர்ந்த காற்று எல்போவுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. சூடு ஏறுவது எஞ்சினை நிறுத்திய பிறகுதான். 13பி-யில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், இன்டேக் மேலே, எக்ஸாஸ்ட் கீழே. ரோட்டரியின் எக்ஸாஸ்ட் எவ்வளவு சூடு என்று உங்களுக்கே தெரியும். காற்றோட்டம் நின்று, கௌலிங்குக்குள் (எஞ்சின் மூடிக்குள்) வெந்துகொண்டிருக்கும் எல்போவோடு பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்து முழு த்ராட்டிலில் மேலே ஏறுகிறீர்களே, அதுதான் ஆபத்தான நேரம். அந்த நிலையை நீங்கள் சோதிக்கவே இல்லை.

சந்தேகம் தீர வேண்டுமானால் அதே ரோலில் அதே செட்டிங்கில் ஒரு பட்டை பிரின்ட் செய்து, ஒரு முனையை கிளாம்ப்பில் பிடித்து, மறுமுனையில் எடை தொங்கவிட்டு ஓவனில் வையுங்கள். 60, 80, 100 டிகிரி, ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம். எங்கே தொங்குகிறது என்று கண்ணால் பாருங்கள்.

3டி பிரின்டரை நான் வெறுக்கவில்லை. அளவு பார்க்கவும் மோல்டு செய்யவும் அதைவிட நல்ல கருவி இல்லை. பிரின்ட்டை வைத்து இடம் பொருந்துகிறதா என்று பாருங்கள், பிறகு அலுமினியக் குழாயை வெட்டி வெல்ட் செய்து அதே வடிவத்தைக் கொண்டுவாருங்கள். கண்ணாடி இழையும் எப்பாக்சியும் போட்டுச் செய்தால், எப்பாக்சிக்கும் இளகும் வெப்பநிலை உண்டு; சூட்டில் வைத்துப் பதப்படுத்துங்கள். கிளாம்ப் இறுக்கும் முனையில் உள்ளே ஒரு மெல்லிய அலுமினிய வளையம் வையுங்கள். சுவர் இளகினாலும் வாய் மூடாது.

கேள்வி: எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டருக்குக் கீழே சிலிக்கான் ஹோஸ் போடலாமா?

சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். உள்ளே ஃப்ளோரோசிலிக்கான் பூசியது வேண்டும். ஹோஸை ஃபில்டர் பக்கம் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

கேள்வி: கார் த்ராட்டில் பாடியை அப்படியே மாட்டலாமா?

காரில் கேபிள் அறுந்தால் ஸ்பிரிங் த்ராட்டிலை மூடும்; சாலையில் அது சரி. காற்றில் கேபிள் அறுந்தால் சக்தி வேண்டும். ஸ்பிரிங் த்ராட்டிலைத் திறக்கும் பக்கம் இழுக்கும்படி மாற்றுங்கள். த்ராட்டில் தட்டின் ஸ்குரூக்களின் முனையை நசுக்கிவிடுங்கள், கழலவே முடியாதபடி. த்ராட்டில் பாடிக்கான தாங்குகம்பியை எஞ்சினிலேயே கட்டுங்கள், ஃபயர்வாலில் (எஞ்சினையும் விமான அறையையும் பிரிக்கும் சுவரில்) அல்ல. எஞ்சின் ரப்பரில் ஆடும், ஃபயர்வால் ஆடாது.

கேள்வி: ஐட்லில் தடுமாறுகிறது. எங்கே ஒழுக்கு என்று தெரியவில்லை.

எல்லா வாயையும் அடைத்து, 0.3 பார் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஒரு ரன்னரில் மட்டும் ஒழுகினால் அந்த ரோட்டர் மட்டும் எரிபொருள் குறைந்து ஓடும், கேஜ் காட்டாது. கண்டுபிடிக்கும்வரை தரையிலேயே இருங்கள்.

கேள்வி: மூக்கில் ராம் ஏர் (பறக்கும் வேகத்தில் எதிர்க்காற்றே உள்ளே தள்ளும் திறப்பு) வைத்தால் எவ்வளவு கிடைக்கும்?

145 நாட் வேகத்தில் சுமார் ஓர் அங்குலப் பாதரசம், அதாவது மூன்று சதவீதம் அழுத்தம் கூடும். நல்லதுதான். ஆனால் ஃபில்டரில் பனி அடைத்தால் கௌலிங்குக்குள்ளிருந்து காற்றை இழுக்க ஒரு மாற்றுக் கதவை முதலில் வையுங்கள்.