கடற்கரை வீட்டில் மார்கழிப் புகை

கேள்வி: திருவொற்றியூரில் கடலுக்குப் பக்கத்தில்தான் வீடு. கடல் காற்று வீசுகிற ஊரில் மாசு தங்காது என்கிறார்கள். ஆனால் மார்கழி, தை விடியற்காலையில் கோலம் போட வாசலுக்கு வந்தாலே தொண்டை கரகரக்கிறது. பையனுக்கு இளைப்பு வருகிறது. சித்திரையில் இந்தத் தொந்தரவு இல்லை. நம் ஊரும் டெல்லி மாதிரி ஆகிவிட்டதா?
- ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: டெல்லி அளவுக்குப் போகவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் கரகரப்பு நிஜம். நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன். தை மாதத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் கட்டையை ஈரத்துணியால் துடைத்தால் துணி மை பூசியதுபோல் வரும்.

கடல் காற்று வீசுவது பகலில்தான். சித்திரை வெயிலில் தரை சுட்டு, காற்று மேலெழும்பி, புகை ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு மேலும் பரவிவிடும். மார்கழி இரவில் தரை சீக்கிரம் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலே உள்ளது வெதுவெதுப்பாகவும் இருக்கும். குளிர்ந்த காற்று மேலே ஏறாது. அதனால் புகை தாழ்வாகவே தேங்கிக் கிடந்து, நன்றாக வெயில் ஏறிய பிறகுதான் கலைகிறது. போகியன்று டயர் கொளுத்தினால் கேட்கவே வேண்டாம். 2018 போகியில் விமானங்களே தடுமாறின.

அப்புறம் திசை. உங்களுக்கு மேற்கே மணலியின் பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையும் ரசாயன ஆலைகளும். வடக்கே எண்ணூர் பக்கம் அனல் மின் நிலையங்கள், அவற்றின் நிலக்கரிச் சாம்பலைத் தேக்கும் சாம்பல் குளம். குளிர்கால விடியலில் காற்று பெரும்பாலும் வடக்கு, வடமேற்கிலிருந்து வரும். புகை கடலுக்குப் போகிற வழியில் உங்கள் தெரு இருக்கிறது. பகலில் கடல் காற்று அதையே மாதவரம், புழல் பக்கம் தள்ளிவிடுகிறது. போதாததற்கு, துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை வேறு.

2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. ராயபுரத்துக்காரர்களுக்கு நிம்மதி. ஆனால் அந்தக் கரி போன இடம் எண்ணூர். சுமையை இப்படி வடக்கே வடக்கே தள்ளிவிட்டு, ‘சென்னையின் சராசரி பரவாயில்லை’ என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அதனால் நகரச் சராசரியைப் பார்க்காதீர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் மணலி நிலையத்தின் அளவைப் பாருங்கள். பிஎம் 2.5 நுண்துகளுக்கு ஒரு நாள் சராசரியாக நம் நாடு வைத்திருக்கும் வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம்; உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. குளிர் மாதங்களில் நடைப்பயிற்சியையும் பையனின் விளையாட்டையும் மாலைக்கு மாற்றுங்கள். விடியலில் ஜன்னல்களைச் சாத்தி வைத்து, வெயில் ஏறியதும் திறவுங்கள். துணி முகக்கவசம் இந்தத் துகளைத் தடுக்காது, என்95 வேண்டும். பையனுக்கு வருவது ஆஸ்துமாவா என்று நுரையீரல் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். எந்த மாதம், எந்த நேரத்தில் இளைக்கிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.