கோட்டா பிழை: வரம்பை எந்தக் கணினியில் கூட்டுவது?

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் 40 விண்டோஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துச் சர்வர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவற்றின் நிலையைக் கேட்டு வாங்குகிறது. ஆறு கணினிகளில் மட்டும் அடிக்கடி 'கோட்டா வயலேஷன்' (வரம்பு மீறல்) என்று பிழை வருகிறது. சர்வருக்கு ரேம் கூட்டியும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: ரேமைக் கூட்டியது வீண்போகாது. ஆனால் இந்தப் பிழைக்கு அது மருந்தில்லை. வரம்பு இருப்பது கேள்வி கேட்கும் கோலாலம்பூர் சர்வரில் அல்ல, பதில் சொல்லும் உங்கள் ஆறு கணினிகளில்.

பிழை எண் 8004106சி என்று முடிகிறதா, முதலில் பாருங்கள். அப்படியென்றால் விஷயம் டபிள்யூ.எம்.ஐ. சேவையில்தான், அதாவது கணினியின் நிலையைக் கேட்பவர்களுக்குச் சொல்லும் விண்டோஸ் சேவையில். சர்வர் கேட்கும் தகவலைத் திரட்டித் தருவது 'டபிள்யூ.எம்.ஐ. பிரொவைடர் ஹோஸ்ட்' என்ற புரோசஸ். அது கணினியை விழுங்கிவிடக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் சில உச்சவரம்புகளை வைத்திருக்கிறது. ஒரு ஹோஸ்டுக்கு 512 எம்.பி. நினைவகம், 4096 ஹேண்டில் (திறந்து வைத்த கோப்பு போன்றவற்றுக்கான பிடி), 256 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைக் கிளை). எல்லா ஹோஸ்டுக்கும் சேர்த்து 1 ஜி.பி. நினைவகம், 32 புரோசஸ். கணினியில் 32 ஜி.பி. ரேம் இருந்தாலும் இந்த எண்கள் தானாக ஏறாது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

எதையும் மாற்றுவதற்கு முன் எந்த வரம்பு இடித்தது என்று கண்டுபிடியுங்கள். ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளைத் திறந்து 5612 என்ற எண்ணைத் தேடுங்கள். வரம்பைத் தொட்ட ஹோஸ்டை விண்டோஸ் நிறுத்தும்போது எழுதும் குறிப்பு அது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அலுவலகத்துக்கு இதே வேலையாகப் போயிருந்தேன். அங்கே நினைவக வரம்பை ஏற்கெனவே இரண்டு முறை ஏற்றிவிட்டார்கள், பிழை நிற்கவில்லை. 5612-ஐத் திறந்தால் 'ஹேண்டில் கவுன்ட், மதிப்பு 4099, உச்சம் 4096' என்று தெளிவாக எழுதியிருந்தது. நினைவகத்துக்கும் அந்தப் பிழைக்கும் தொடர்பே இல்லை. அதே குறிப்பின் கீழே, அந்த ஹோஸ்டில் ஓடிய பிரொவைடர்களின் (தகவலைத் திரட்டித் தரும் துணை நிரல்கள்) பெயரும் இருக்கும். குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, இனி மாற்றும் வழி. ரன் பெட்டியில் டபிள்யூ, பி, இ, எம் என்ற நான்கு எழுத்தோடு டெஸ்ட் என்று சேர்த்து எழுதி, அட்மினாகத் திறங்கள். கனெக்ட் அழுத்தினால் நேம்ஸ்பேஸ் இடத்தில் 'ரூட்\சிம்வி2' என்று இருக்கும். அதை வெறும் 'ரூட்' ஆக்குங்கள். இதை மாற்ற மறந்தால் தேடுவது கிடைக்காது. பிறகு 'எனம் இன்ஸ்டன்சஸ்' அழுத்தி, முன்னால் இரண்டு அண்டர்ஸ்கோர் போட்டு, இடைவெளி விடாமல் 'பிரொவைடர்ஹோஸ்ட்கோட்டாகான்ஃபிகரேஷன்' என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். வரும் ஒரே வரியை இருமுறை சொடுக்கினால் எல்லா வரம்பும் தெரியும். பழைய எண்களைத் தாளில் எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

நினைவகம் பைட்டில் இருக்கும். 'மெமரி பெர் ஹோஸ்ட்' 536870912 என்று காட்டும், அதுதான் 512 எம்.பி. அதை 1073741824 ஆக்கினால் 1 ஜி.பி. இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். மொத்த வரம்பும் அதே 1 ஜி.பி.தான், எனவே ஒரே ஹோஸ்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஆகவே 'மெமரி ஆல் ஹோஸ்ட்ஸ்' எண்ணையும் 2147483648 ஆக்குங்கள். ஹேண்டில்தான் பிரச்சினை என்றால் 8192 போதும், நினைவகத்தைத் தொட வேண்டாம். 'சேவ் பிராப்பர்ட்டி' அழுத்திய பிறகு 'சேவ் ஆப்ஜெக்ட்' அழுத்த மறக்காதீர்கள், இல்லையென்றால் எதுவும் பதிவாகாது. அப்புறம் கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். தொழிற்சாலை என்பதால் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

வரம்பைக் கூட்டினால் அந்த ரேம் உடனே பிடிபட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அது ஒதுக்கீடு அல்ல, உச்சம் மட்டுமே. ஆனாலும் நன்றாக ஓடும் மற்ற 34 கணினிகளைத் தொடாதீர்கள். டபிள்யூ.எம்.ஐ. ரெபாசிட்டரியை (அந்தச் சேவையின் தகவல் கிடங்கு) அழித்துப் புதிதாகக் கட்டுங்கள் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். அது பழுதான ரெபாசிட்டரிக்கான வைத்தியம், உங்களுக்கு அந்த நோயே இல்லை.

கோலாலம்பூரில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். கண்காணிப்பில் 'வின்32 புராடக்ட்' என்ற கிளாஸை (தகவல் வகை) கேட்கிறார்களா? நிறுவிய மென்பொருள் பட்டியலுக்காகப் பலர் இதைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எம்.எஸ்.ஐ. வழியாக நிறுவிய மென்பொருள் அத்தனையையும் விண்டோஸ் சரிபார்க்கத் தொடங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்படி நடந்தால் எந்தக் கணினி தாங்கும்? அதே பட்டியலை ரெஜிஸ்ட்ரியிலிருந்து எடுக்கலாம், சுமையும் இல்லை. யார் கேட்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தால், டபிள்யூ.எம்.ஐ. ஆக்டிவிட்டி பதிவில் 5858 என்ற எண்ணைப் பாருங்கள். கேட்ட கணினி, பயனர், கேள்வி மூன்றும் அதில் இருக்கும்.

மாற்றிய பிறகு ஒரு வாரம் டாஸ்க் மேனேஜரில் அந்த ஹோஸ்டைக் கவனியுங்கள். ஏறி இறங்கினால் நல்லது. இறங்காமல் ஏறிக்கொண்டே போய்ப் புது உச்சத்தையும் தொட்டால், ஏதோ ஒரு பிரொவைடர் எடுத்ததைத் திருப்பித் தருவதில்லை என்று பொருள். அப்போது இன்னொரு முறை இரட்டிப்பாக்காதீர்கள். 5612-இலிருந்து குறித்து வைத்த பெயர்களில் அது எந்த மென்பொருளோடு வந்தது என்று பார்த்து, அதன் புதிய பதிப்பைப் போடுங்கள்.